கடலிலிருந்து வரைந்த மட்டக்களப்பு

இன்று நமக்குக் கிடைக்கும் மட்டக்களப்பின் பழைய படங்கள் கடல் வழியாக வந்தவர்கள் வரைந்தவை. அல்லது அவர்கள் சொல்லக் கேட்டு, எழுதக் கண்டு, வேறொரு நாட்டில் செப்புத் தகட்டில் செதுக்கப்பட்டவை. பதினேழாம் நூற்றாண்டில் இந்த வாவிக்கரை எப்படி இருந்தது என்று பார்க்க விரும்பும் எவரும் போர்த்துக்கேயரிடமும் ஒல்லாந்தரிடமும்தான் கண்ணை இரவல் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கண் எதைப் பார்க்கப் பழகியிருந்தது, எதைப் பார்க்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டது என்பதை விளங்கிக்கொள்ளாமல் அப்படங்களைப் படிக்க முடியாது.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாறு பற்றிய விவாதங்களில் இந்தப் படங்களும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுவதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். “படத்தில் கோட்டை இருக்கிறது, தோணி இருக்கிறது, பள்ளிவாசல் எங்கே இருக்கிறது?” என்று ஒரு தரப்பு கேட்கிறது. நம்மவர்களோ தலைப்பாகை கட்டிய ஓர் உருவம் எங்காவது தென்பட்டால் போதும், “இதோ எங்கள் மூதாதை” என்று மகிழ்ந்து போகிறார்கள். இரு தரப்பும் படத்தை உறுதிப் பத்திரமாகப் படிக்கின்றன. அவை அதற்காக வரையப்பட்டவை அல்ல. எதற்காக வரையப்பட்டன என்பதை வருட ஒழுங்கில் பார்ப்போம்.

1601 மே மாதத்தில் ஒல்லாந்தின் சீலாந்துப் பகுதியிலுள்ள வேர் துறைமுகத்திலிருந்து மூன்று கப்பல்கள் புறப்பட்டன. அவற்றின் பெயர்கள் தமிழில் கடா, செம்மறி, ஆட்டுக்குட்டி என்று பொருள்படும். தலைவர் ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன். பல்தசார் டி மூஷெரோன் என்ற வணிகருக்காக அவர் வந்தார். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1602 மார்ச்சில் அமைக்கப்பட்டபோது இக்கப்பல்கள் கடலில் இருந்தன. 1602 மே 31ஆம் திகதி அவை மட்டக்களப்புக்கு அப்பால் நங்கூரமிட்டன. வந்தவர்கள் போர்த்துக்கேயராக இருப்பார்களோ என்ற ஐயம் மட்டக்களப்பின் சிற்றரசருக்கு இருந்தது. தாங்கள் பறங்கியரின் பகைவர் என்று நிரூபிக்க ஒல்லாந்தர் பாடுபட வேண்டியிருந்தது. அந்த உரையாடலும் போர்த்துக்கேய மொழியில்தான் நடந்தது என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. நூறு வருடத்தில் பறங்கியின் மொழி இந்தக் கடலோரத்தின் பொதுமொழியாகிவிட்டிருந்தது.

ஸ்பில்பேர்கன் ஜூலையில் கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். அரசன் பெரும் மரியாதையுடன் வரவேற்றான். ஒல்லாந்தர் கோட்டை கட்ட விரும்பினால் தானும் அரசியும் பிள்ளைகளும் தோளில் கல் சுமப்போம் என்று அவன் சொன்னதாக ஸ்பில்பேர்கனின் நாட்குறிப்பு பதிவு செய்கிறது. அந்த நாட்குறிப்பு 1605இல் டெல்ஃப்ட் நகரில் நூலாக வந்தது. வெளியிட்டவர் புளோரிஸ் பல்தசார். அவர் தொழிலால் செதுக்கோவியர். இலங்கை பற்றிய நூல்களில் திரும்பத் திரும்ப அச்சாகும் அந்தப் பிரபலமான படம் இந்நூலுக்காகவே செதுக்கப்பட்டது. கண்டி அரசனும் ஒல்லாந்துக் கப்பல் தலைவனும் எதிரெதிரே நின்று கைகோத்திருக்கும் படம் அது.

அந்தப் படத்தை நிதானமாகப் பாருங்கள். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே உயரம். இரண்டு பேரும் நிற்கிறார்கள். கைகள் சமமாக இணைந்திருக்கின்றன. கண்டி அரசவையின் நடைமுறை அப்படியா? அரசன் முன்னால் தூதுவர்கள் மண்டியிட்டும் நிலத்தில் விழுந்தும் வணங்க வேண்டிய அரசவை அது. பிற்காலத்தில் வந்த ஒல்லாந்தத் தூதுவர்கள் இந்த வழக்கம் பற்றி எவ்வளவோ முறைப்பாடு எழுதியிருக்கிறார்கள். டெல்ஃப்டில் செதுக்கியவர் வரைந்தது ஓர் அரசவையை அல்ல, ஓர் அரசியல் விருப்பத்தை. அன்று ஸ்பானிய முடியோடு போர் செய்துகொண்டிருந்த ஒல்லாந்தருக்கு, கிழக்கில் ஸ்பானிய முடிக்குக் கீழிருந்த போர்த்துக்கேயரை எதிர்க்கும் ஓர் அரசன் நண்பனாகக் கிடைத்துவிட்டான் என்ற நற்செய்தி தேவைப்பட்டது. படம் அந்தச் செய்தியைச் சொல்கிறது. பிராங்க்ஃபர்ட்டில் டி பிறை குடும்பத்தார் நடத்திய பதிப்பகம் கிழக்கிந்தியப் பயணங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவந்தது. ஸ்பில்பேர்கனின் பயணமும் அதில் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட ஆசியாவுக்கு வந்தவர் அல்லர். ஐரோப்பா கண்ட இலங்கையில் ஒரு பெரும் பகுதி இப்படிப்பட்ட பட்டறைகளிலிருந்து வந்தது.

அந்தக் கைகோப்பு ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. 1602 நவம்பரில் செபால்ட் டி வேர்ட் மட்டக்களப்புக்கு வந்தார். கண்டிக்குச் சென்று காலிக் கோட்டையைப் பிடிக்கும் திட்டத்தை அரசனுடன் பேசினார். பின்னர் கப்பல்களுடன் திரும்பிவருவதற்காக அச்சே சென்றார். ஸ்பில்பேர்கனும் மட்டக்களப்பிலிருந்து அச்சேக்குத்தான் போயிருந்தார். இந்த இடத்தில் முஸ்லிம் வாசகர் சற்று நின்று கவனிக்க வேண்டும். அச்சே அன்று சுமாத்திராவின் வலிமை வாய்ந்த முஸ்லிம் சுல்தானகம். போர்த்துக்கேயரின் மலாக்காவோடு தலைமுறைகளாகப் போரிட்டுவந்த அரசு. ஒல்லாந்தரின் கப்பல்களுக்கு மட்டக்களப்பும் அச்சேயும் ஒரே கடற்பாதையின் இரண்டு தரிப்பிடங்களாக இருந்தன. அந்தப் பாதையை அவர்கள் புதிதாக வெட்டவில்லை. குஜராத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் முஸ்லிம் வணிகர்கள் காலங்காலமாக ஓடிய பாதை அது. அச்சான படங்களில் ஒல்லாந்தரின் பாய்மரம் மட்டும் பெரிதாகத் தெரிவதால் கடல் அவர்களுக்காகவே காலியாக இருந்ததுபோன்ற மயக்கம் ஏற்படுகிறது.

1603இல் டி வேர்ட் திரும்பிவந்தார். அவருடைய ஆட்கள் மட்டக்களப்பில் மாடுகளைக் கொன்றதால் ஊரார் கொதித்தனர். அவர் பிடித்த போர்த்துக்கேயக் கப்பல்களிலிருந்த கைதிகளை விடுதலை செய்ததால் அரசன் சினந்தான். கடைசியில் மட்டக்களப்புக் கரையில் நடந்த சந்திப்பில், மதுமயக்கத்தில் அரசியைப் பற்றி டி வேர்ட் சொன்ன தகாத சொல்லால் வாள்கள் உருவப்பட்டன. டி வேர்ட்டும் அவருடன் கரையிறங்கிய ஏறக்குறைய ஐம்பது பேரும் கொல்லப்பட்டனர். ஆயினும் இலங்கைப் பாடநூல்களில் நாம் கண்டு வளர்ந்தது 1602இன் கைகோப்பை மட்டும்தான். எந்தப் படம் மறுபடி மறுபடி அச்சாகிறது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே.

அடுத்த படம் போர்த்துக்கேயருடையது. 1628இல் கொன்ஸ்தந்தீனு டி சா என்ற தளபதி புளியந்தீவில் கோட்டை கட்டினார். திருகோணமலையில் 1624இல் கட்டிய கோட்டையோடு சேர்த்து, கண்டி அரசனுக்குக் கிழக்குக் கடல்வாசலை அடைப்பதே அதன் நோக்கம். 1635இல் கோவாவில் அந்தோனியோ பொக்காறோ கிழக்கிலிருந்த போர்த்துக்கேயக் கோட்டைகள் அனைத்தையும் பற்றி அரசனுக்கு ஒரு நூல் எழுதினார். அதற்குரிய கோட்டைப் படங்கள் வைசிராயின் செயலாளராக இருந்த பெத்ரோ பரேத்தோ டி றெசென்டேயின் பெயரோடு இணைத்துப் பேசப்படுகின்றன. மொசாம்பிக்கிலிருந்து மக்காவ் வரை நீளும் அந்த வரிசையில் மட்டக்களப்பும் ஒன்று.

நான் பார்த்த அச்சுப் பிரதிகளில் அந்த வரிசையின் படங்களுக்கெல்லாம் ஒரே முகம். பறவை மேலிருந்து பார்ப்பதுபோன்ற கோணம், கொத்தளங்கள், சுவர்கள், நீர். ஒரு கோட்டையை எடுத்து மற்றதன் இடத்தில் வைத்தாலும் பெரிதாகத் தெரியாது. மாட்ரிட்டிலும் லிஸ்பனிலும் இருந்த அதிகாரிகளுக்குத் தேவையான கேள்விகளுக்கு அவை விடை சொல்கின்றன: எத்தனை கொத்தளம், எந்தப் பக்கம் தண்ணீர், எந்தப் பக்கத்தால் எதிரி வருவான். அந்த மண்ணில் வாழ்ந்தவர் யார் என்பது அந்தக் கேள்விகளில் இல்லை.

இப்போது ஒரு திகதியை இதனருகே வைத்துப் பார்ப்போம். போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியது 1626இல். அவர்களைக் கண்டி அரசன் செனரத் தன் நாட்டில் ஏற்றுக் குடியமர்த்தினான். மட்டக்களப்பில் மட்டும் 4,000 பேரை அமர்த்தினான் என்று யேசு சபைத் துறவியான பெர்னாவோ டி குவேரோஸ் எழுதுகிறார். குவேரோஸ் நமக்கு நண்பர் அல்லர். முஸ்லிம்களைப் பற்றி அவர் எழுதிய இடங்களில் வெறுப்பு வெளிப்படையாகவே தெரியும். அவருடைய நூல் 1687ஆம் ஆண்டளவில் கோவாவில் முடிந்தது. எனவே அந்த எண்ணிக்கையைக் குடிமதிப்புக் கணக்காகக் கொள்வதும் பொருந்தாது. ஆனால் ஒரு பெருந்தொகையானோர் வந்தமர்ந்தனர் என்பதைப் பகைவரே சொல்கிறார்.

ஆக 1626இல் ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் மட்டக்களப்பில் அமர்கிறார்கள். 1628இல் கோட்டை எழுகிறது. 1635இல் படம் வரையப்படுகிறது. குவேரோஸ் சொல்லும் குடியமர்வுக்கு ஒன்பது வருடமே ஆன படம் அது. அதில் கோட்டையைத் தவிர ஒரு சமூகத்தை அடையாளம் காட்டும் குறி எதையும் நான் காணவில்லை. பகைவரின் எழுத்தில் 4,000 பேர்; அதே அரசின் படத்தில் ஒருவருமில்லை. படத்தில் இல்லாததால் ஊரில் இல்லை என்று வாதிடுபவர்களுக்கு இதைவிட நேரடியான மறுப்பு வேண்டியதில்லை. அந்தப் படத்தில் முஸ்லிம்கள் மட்டுமா இல்லை? முக்குவர் இல்லை, திமிலர் இல்லை, வேடர் இல்லை. வாவியில் தோணி தள்ளியவரும் வயலில் ஏர் பிடித்தவரும் இல்லை. பீரங்கியின் பார்வைக்கு மனிதர்கள் தேவைப்படவில்லை.

அந்தக் கோட்டை போர்த்துக்கேயரிடம் பத்து வருடமே இருந்தது. 1638 மே 18ஆம் திகதி ஒல்லாந்தத் தளபதி அடம் வெஸ்டர்வோல்டிடமும் இரண்டாம் இராஜசிங்கனிடமும் அது சரணடைந்தது. ஐந்து நாள் கழித்து, மே 23இல், மட்டக்களப்பில் வைத்தே அரசனும் வெஸ்டர்வோல்டும் உடன்படிக்கை செய்தார்கள். பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருப்பது பற்றிய வாசகம் ஒரு பிரதியில் “அரசன் விரும்பினால்” என்ற பொருளுடன் இருந்தது; ஒல்லாந்தர் வைத்திருந்த பிரதியில் அந்தச் சொற்கள் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து எழுந்த சண்டை பல பத்தாண்டுகள் நீடித்தது. நம்முடைய வாவிக்கரையில் எழுதப்பட்ட அந்தத் தாள் சொல்லும் பாடம் படங்களுக்கும் பொருந்தும்: ஒரு ஆவணத்தில் இருப்பதைப் படிப்பதுபோலவே, அதில் விடப்பட்டதையும் யார் விட்டார், ஏன் விட்டார் என்று கேட்க வேண்டும்.

இந்த முற்றுகையைப் படத்தோடு உலகுக்குச் சொன்னவர் பிலிப்பஸ் பல்தேயஸ். யாழ்ப்பாணத்தில் 1658 முதல் 1665 வரை போதகராக இருந்தவர். 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளியான அவருடைய பெரிய நூலில் மலபார், சோழமண்டலம், இலங்கை ஆகியவற்றைப் பற்றிய ஏராளமான செதுக்குப் படங்கள் உள்ளன. மட்டக்களப்புக் கோட்டையும் அவற்றில் உண்டு. 1638இல் பல்தேயஸுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. தான் காணாத போரை, முப்பத்துநான்கு வருடம் கழித்து, மட்டக்களப்பைக் காணாத செதுக்குநர்களைக்கொண்டு அவர் வரைவித்தார். தெல்லிப்பழை, மல்லாகம் போன்ற யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களை அவர் நூலில் காட்டும்போது ஒரு நெருக்கம் தெரிகிறது. அவை அவர் நடந்து திரிந்த இடங்கள். மட்டக்களப்போ அவருக்கு ஒரு வெற்றிச் செய்தி.

படத்துக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை இன்னும் தெளிவாகக் காட்டும் ஒரு நூல் நம் அயலிலிருந்தே கிடைக்கிறது. மட்டக்களப்புக்கு வடக்கே கொட்டியாரக் குடாவில், இன்றைய மூதூர்ப் பக்கத்தில், 1660இல் பிடிபட்ட ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ். பத்தொன்பது வருடத்துக்கு மேல் கண்டி நாட்டில் சிறையிருந்து 1679இல் தப்பினார். 1681இல் இலண்டனில் அவருடைய நூல் வந்தது. அதில் அரசனின் உருவம், ஏர் உழவு, தாளிப்பனை ஓலைக் குடை, வேடன், யானையைக்கொண்டு மரண தண்டனை நிறைவேற்றுதல் எல்லாம் படமாக உள்ளன. நூலின் எழுத்தில் முஸ்லிம்களும் வருகிறார்கள். கண்டியில் அவர்களுக்கு ஒரு பள்ளி இருந்ததையும், வெளியிலிருந்து வரும் முஸ்லிம் பக்கீர்களுக்குக் குடியானவர்கள் ஒரு பணம் வீதம் கொடுக்க வேண்டும் என்று முந்திய அரசர் ஒருவர் விதித்திருந்ததையும் நொக்ஸ் சொல்கிறார். கண்டி அரசு முஸ்லிம்களுக்குத் தந்த இடத்தைக் காட்டும் அரிய சான்று இது. இந்தக் காட்சிக்கு அங்கே படமில்லை. இலண்டன் வாசகரை வியக்கவைப்பதற்கு யானைத் தண்டனை போதுமாக இருந்தது. நொக்ஸின் படங்களை மட்டும் புரட்டுபவர் கண்டியில் முஸ்லிம்களே இல்லை என்று முடிவுகட்டுவார். எழுத்தைப் படிப்பவர் வேறொரு நாட்டைக் காண்பார்.

இது இலங்கைக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல. கீழைக் கடல் முழுவதும் இப்படித்தான் வரையப்பட்டது. 1540ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயருக்காக இந்திய ஓவியர் ஒருவர் தீட்டிய வண்ணப் படத் தொகுதி ஒன்று உரோமிலுள்ள கசனத்தென்சே நூலகத்தில் இருக்கிறது. ஆபிரிக்காவிலிருந்து சீனம் வரையிலான மக்களை அது வரிசைப்படுத்துகிறது. அதில் சிங்களவரும் உண்டு. 1590களில் மணிலாவில் ஸ்பானியருக்காக உருவான இன்னொரு கைப்பிரதியை, பின்னாளில் அதை வாங்கிய வரலாற்றாசிரியரின் பெயரால் பொக்ஸர் சுவடி என்கிறார்கள். பிலிப்பைன்ஸ் மக்களோடு புரூணை முஸ்லிம்களும், இன்றைய வியட்நாமின் பகுதிகளான கொச்சின்சீனம், சம்பா ஆகியவற்றின் மக்களும் ஆணும் பெண்ணுமாக அதில் நிற்கிறார்கள். வரைந்த கை பெரும்பாலும் சீனக் கை. கேட்ட கண் ஸ்பானியக் கண்.

வியட்நாமைப் பற்றிய ஒரு சம்பவம் நமக்கு மிகவும் பயனுள்ளது. 1679இல் பாரிஸில் தவேர்னியே என்ற பிரெஞ்சுப் பயணி வட வியட்நாமான தொங்கின் நாட்டைப் பற்றி ஒரு விவரணம் வெளியிட்டார். அவர் அங்கே போனவர் அல்லர். தன் சகோதரரின் பயணங்களை ஆதாரமாகக் கொண்டார். படங்களும் சேர்த்தார். தொங்கினில் பிறந்த சாமுவேல் பாரோன் அந்த நூலைப் படித்துச் சீறினார். பாரோனின் தந்தை ஒல்லாந்தர், தாய் அந்நாட்டுப் பெண். தவேர்னியேயின் பிழைகளைத் திருத்துவதற்கென்றே 1685ஆம் ஆண்டளவில் அவர் ஒரு நூல் எழுதினார். எழுதி முடித்த இடம் நமது தமிழ்க் கரையான சென்னப்பட்டணத்து ஜோர்ஜ் கோட்டை. தன் நூலுக்குரிய படங்களை அந்நாட்டில் உயர்ந்த நிலையிலிருந்த ஒருவரே வரைந்தார் என்று அவர் வற்புறுத்திச் சொன்னார். அரசவையில் யார் எங்கே அமர்வார், ஊர்வலம் எப்படிப் போகும் என்று உள்ளிருந்து பார்த்தவர் வரைந்த படங்கள் அவை.

பாரோனின் நூல் 1732இல் இலண்டனில் சர்ச்சில் தொகுதி எனப்படும் பயண நூல்வரிசையில் அச்சாயிற்று. அதே வரிசையில்தான் 1704இல் பல்தேயஸின் நூலும் ஆங்கிலத்தில் வந்திருந்தது. ஒரே அலுமாரியில் இரண்டு நூல்கள். தொங்கினுக்கு அந்த மண்ணில் பிறந்த ஒருவர் கிடைத்தார், “இது பிழை, சரியானது இது” என்று சொல்ல. மட்டக்களப்புக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. எங்கள் படத்தை யாரும் திருத்தவில்லை.

ஏன் திருத்தவில்லை? நம் பக்கத்துக் காரணமும் ஒன்றுண்டு. உருவம் வரைவதை நமது மார்க்க மரபு ஊக்குவிக்கவில்லை. நம்முடைய கலை எழுத்திலும் மரச்செதுக்கிலும் ஓதலிலும் போயிற்று. ஆகவே நாம் படத்தில் நம்மைத் தேடுவது, வைக்காத இடத்தில் பொருளைத் தேடுவதுபோல் ஆகும்.

இனி நிலத்தைப் பார்ப்போம். வாவியின் கிழக்கே கடலுக்கும் நீருக்கும் இடையில் கிடக்கும் மணல் நிலத்தை எழுவான்கரை என்கிறோம். மேற்கே வயலும் காடும் விரியும் பக்கம் படுவான்கரை. இந்தப் பெயர்கள் வாவியின் நடுவே நின்று இரு பக்கமும் பார்ப்பவன் இட்ட பெயர்கள். ஐரோப்பியர் வரைந்தது கடலில் நின்று. அவர்களுக்கு எழுவான்கரை ஒரு மணற்கோடு, முகத்துவாரம் உள்ளே நுழையும் வாசல், புளியந்தீவு இலக்கு. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. வாவியோ தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீள்கிறது. அந்த நீளம் முழுவதும் ஊர்கள். காத்தான்குடியும் ஆரையம்பதியும், ஏறாவூரும் செங்கலடியும், களுவாஞ்சிகுடியும் மருதமுனையும் என்று தமிழரும் முஸ்லிம்களும் மாறிமாறி அமர்ந்த மாலை அது. கடலிலிருந்து பார்த்தால் இந்த மாலையின் நூல் தெரியாது.

அந்த நூல் எது? ஒன்று, குடி. மட்டக்களப்புத் தமிழரைப்போலவே இப்பகுதி முஸ்லிம்களும் தாய்வழிக் குடிகளாகப் பிரிந்திருந்தனர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார் என்ற முறை இருந்தது. பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து வாழும் வழக்கம் இரு சமூகத்துக்கும் பொது. 1626இல் ஏதிலிகளாக வந்திறங்கி ஒதுங்கியே வாழ்ந்தவர்களிடம் இப்படி ஆழமான உறவுமுறை எப்படி உருவாகும் என்பது நியாயமான கேள்வி. வந்தவர்களை ஏற்றுக்கொள்ள ஏற்கெனவே இங்கே உறவுகள் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் பட்டாணியர் முக்குவருக்குத் துணை நின்றனர் என்றும், அதனால் ஏறாவூரில் அமர்ந்து மணவுறவு கொண்டனர் என்றும் வழங்கும் ஐதிகமும் இதே திசையைக் காட்டுகிறது. ஏறாவூர், சத்துருக்கொண்டான், சந்திவெளி ஆகிய பெயர்களை அந்தச் சண்டையோடு இணைத்து ஊரார் விளக்கம் சொல்வார்கள். ஐதிகத்தைத் திகதியிட்ட ஆவணமாகக் கொள்ள முடியாது. ஆனால் இரு சமூகமும் சேர்ந்து நினைவில் வைத்திருக்கும் கதை என்ற வகையில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. 1794இல் மட்டக்களப்பின் ஒல்லாந்த அதிகாரி ஜேக்கப் பர்னாண்ட் எழுதிய நிர்வாகக் குறிப்பில் முக்குவரும் சோனகரும் இவ்வாறே ஒரு நிலத்தின் மக்களாகப் பேசப்படுகின்றனர்.

“யார் முதலில் வந்தார்” என்ற கேள்வியை நான் ஏன் விரும்புவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதினார். சட்டசபை ஆசனத்துக்காகத் தொடங்கிய விவாதம் அது. நூறு வருடத்துக்குள் அந்த விவாதம் நிலத்துக்கும் உயிருக்கும் வந்து சேர்ந்தது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூர். செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர். பழைய ஐதிகத்தில் இரண்டு சமூகத்தின் நட்பைச் சொன்ன ஊர்ப்பெயர்கள் இன்று மையவாடிகளையும் நினைவுத் தூண்களையும் சொல்கின்றன. வரலாற்றை உறுதிப் பத்திரமாக்கினால் அதன் முடிவு எங்கே போகும் என்பதை இந்த வாவிக்கரை அறிந்திருக்கிறது.

ஆகவே ஒல்லாந்தரின் படத்தில் நாம் இருக்கிறோமா என்ற வழக்கைக் கைவிட்டு, வேறொரு வேலையில் இறங்க வேண்டும். பாரோன் செய்த வேலை அது. அவர் எதிராளியின் நூலைக் கிழித்துப் போடவில்லை. அருகிலே தன் நூலை வைத்தார். நம்மிடம் வைப்பதற்குப் பொருள் உண்டு. மையவாடிகளிலும் ஸியாரங்களிலும் எழுத்துப் பொறித்த மீஸான் கற்கள் உள்ளன. பழைய பள்ளிவாசல்களில் மிம்பரும் மரத்தூண்களும் இருந்தன; புதுப்பிக்கும்போது பல விறகாயின. அறபுத்தமிழில் எழுதிய கிதாபுகளும் கணக்குகளும் வீட்டுப் பெட்டிகளில் கிடந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கரையேறியபோது கடலோர வீடுகளோடு அப்படிப்பட்ட பெட்டிகளும் போயின. எஞ்சியவற்றைப் படமெடுத்து, படித்து, திகதியிட்டு வைக்க ஊர்தோறும் இரண்டு பேர் முன்வந்தால் போதும். பல்கலைக்கழகம் ஒன்று செய்யும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

தமிழ் நண்பர்கள் வி.சீ. கந்தையா 1964இல் எழுதிய “மட்டக்களப்புத் தமிழகம்” என்ற நூலையும், எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த “மட்டக்களப்பு மான்மியம்” என்ற நூலையும் கையில் வைத்திருக்கிறார்கள். அவற்றில் நமக்கு உடன்பாடில்லாத இடங்கள் இருக்கலாம். ஆனால் ஏடுகளையும் வாய்மொழிக் கதைகளையும் பாடல்களையும் தேடி அவர்கள் ஊர் ஊராக நடந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. அந்த நடையை நாமும் நடக்க வேண்டும். முடிந்தால் சேர்ந்தே நடக்க வேண்டும். மீஸான் கல்லைப் படிக்க அறபு தெரிந்தவரும், பக்கத்து ஊர்க் கோயில் கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவரும் ஒரே தோணியில் போகலாம். குடிப் பெயர்களை இரண்டு பக்கமும் எழுதிவந்து ஒப்பிட்டால், எந்த ஒல்லாந்தனும் வரையாத ஒரு படம் கிடைக்கும்.

புளியந்தீவுக் கோட்டை இன்றும் நிற்கிறது. இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி, நான்கு கொத்தளம். நீண்டகாலம் கச்சேரி அதற்குள்தான் நடந்தது. காணி உறுதிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் எழுவான்கரையாரும் படுவான்கரையாரும் அதன் வாசலில் வரிசையில் நின்றிருக்கிறார்கள். 1635இன் படத்தில் ஆளில்லாத கோட்டை அது. அந்த வரிசையில் நின்றவர்களின் பெயர்களை எழுதுவது நமது பொறுப்பு.